கோவை மிக்கேல் பேராலயம்: ஒரு சர்ச் எப்போது கதீட்ரல் ஆகிறது?

கோயமுத்தூர் பெரிய கடை வீதியில், கோனியம்மன் கோயில் இருக்கிற அதே வீதியில்தான் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயமும் இருக்கிறது. டவுன்ஹால் பக்கம் துணி எடுக்கவோ பாத்திரம் வாங்கவோ வந்தவர்களில் அதைக் கடந்து போகாதவர்கள் குறைவு. ஆனால் மற்றதையெல்லாம் சர்ச் என்கிறவர்கள் இதை மட்டும் ஏன் கதீட்ரல் என்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “இது பெரிய சர்ச்சுங்க, அதனாலதான்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். பெரிய சர்ச் என்பது உண்மைதான். ஆனால் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு ஆலயத்தைக் கதீட்ரல் ஆக்குவது அதன் உள்ளே இருக்கும் ஒரு நாற்காலி. ஆயர், அதாவது பிஷப், உட்காரும் நாற்காலி.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு ஊரோ சில ஊர்களோ சேர்ந்தது ஒரு பங்கு. அதைப் பார்த்துக்கொள்பவர் பங்குச் சாமியார். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதற்குத் தலைவர் ஆயர். பழைய ஆட்கள் இவரை மேற்றிராணியார் என்பார்கள். ஆயருக்கு மறைமாவட்டத்தில் எந்தக் கோயிலிலும் பூசை வைக்க உரிமை உண்டு. ஆனாலும் அவருக்கென்று நிலையான இருக்கை ஒரே ஒரு கோயிலில்தான் இருக்கும். அந்தக் கோயில்தான் கதீட்ரல், தமிழில் பேராலயம். கலெக்டர் எந்த ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்தாலும் அதுதான் கலெக்டர் ஆபீஸ், பக்கத்துத் தாலுகா ஆபீஸ் நாலு மாடியாக இருந்தாலும் அது தாலுகா ஆபீஸ்தான். இதுவும் அப்படித்தான்.

அந்த நாற்காலி, பூசை நடக்கும் பீடத்துக்கு அருகே, சற்று உயர்த்திய இடத்தில் இருக்கும். ஆயரின் சின்னம் பெரும்பாலும் அதில் பொறித்திருக்கும். ஆயர் இல்லாத நாளில் பூசை வைக்கிற சாமியார் அதில் உட்கார மாட்டார், அவருக்கு வேறு இருக்கை உண்டு. ஆயர் ஓய்வு பெற்றாலோ காலமானாலோ அடுத்தவர் வரும்வரை அது காலியாகவே கிடக்கும். புது ஆயர் பதவி ஏற்கிற அன்று அவரை அழைத்துக்கொண்டுபோய் அந்த நாற்காலியில் அமர வைப்பார்கள். அந்தச் சடங்கின் முக்கியமான கட்டமே அதுதான்.

ரோமாபுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வத்திக்கானில் இருக்கும் புனித பேதுரு ஆலயம்தான் உலகத்துக்கே தெரியும், ஆனால் அது போப்பின் கதீட்ரல் இல்லை. ரோம் நகரின் ஆயர் என்ற முறையில் அவருடைய நாற்காலி லாத்தரன் புனித யோவான் ஆலயத்தில் இருக்கிறது. வேளாங்கண்ணியும் அப்படித்தான். லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற இடம், ஆனால் கதீட்ரல் இல்லை. அந்தத் தஞ்சை மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கும் திரு இருதய ஆலயம்.

நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அவிநாசி போகிற வழியில் இருக்கும் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் 2019-ல் பசிலிக்கா ஆனது. பசிலிக்கா என்பது, பழமையும் பக்தியும் உள்ள ஒரு கோயிலுக்குப் போப் தரும் பட்டம். அதற்கும் ஆயரின் நாற்காலிக்கும் தொடர்பு இல்லை. ஆக கோவை மறைமாவட்டத்தில் கருமத்தம்பட்டி பசிலிக்கா, கதீட்ரல் இல்லை. பெரிய கடை வீதியில் இருப்பது கதீட்ரல், பசிலிக்கா இல்லை. இரண்டும் ஒரே கோயிலுக்கு வாய்ப்பதும் உண்டு, சென்னை சாந்தோம் அப்படிப்பட்டது.

கோவையில் இன்னொரு கதீட்ரல் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ராமநாதபுரம் பகுதியில் உள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் அது. ஒரே ஊருக்கு இரண்டு எதற்கு? இரண்டு ஆயர்கள் இருக்கிறார்கள், அதனால். மிக்கேல் பேராலயம் லத்தீன் முறையைச் சேர்ந்தது. ராமநாதபுரத்தில் இருப்பது கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சீரோ மலபார் கத்தோலிக்கர்களுக்கான மறைமாவட்டம், 2010-ல் அமைத்தது. கத்தோலிக்கம் அல்லாத, புராட்டஸ்டன்ட் பிரிவான சிஎஸ்ஐ சபைக்கு (தென்னிந்தியத் திருச்சபை) தனியாக ஒரு கோயமுத்தூர் திருமண்டலம் உண்டு. அங்கே முறை வேறு. கத்தோலிக்கர்களிடம் ஆயர் என்றால் பிஷப், சிஎஸ்ஐ-யில் ஆயர் என்றால் சபையின் போதகர், பிஷப்பைப் பேராயர் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சரி, நாற்காலி கோயமுத்தூருக்கு எப்படி வந்தது?

கொங்கு நாட்டுக் கிறிஸ்தவத்தின் தொடக்கம் கோவை நகரத்தில் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று நாம் அறிந்தவர், 1623-ல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்து போனார். அந்த 17ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையின் மதுரை மிஷன் சாமியார்கள் சத்தியமங்கலம், கருமத்தம்பட்டி என்று பரவினார்கள். 1773-ல் போப் இயேசு சபையையே கலைத்துவிட்டார். அதன்பின் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சு சாமியார்கள் பாண்டிச்சேரியைத் தலைமையிடமாக வைத்து இந்தப் பகுதியைக் கவனித்தார்கள். இந்த ஊர் வழக்கங்களைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய அபே துபுவாவும் அந்தச் சபைதான். கருமத்தம்பட்டிக் கோயிலின் வரலாற்றில் அவர் பெயரும் வருகிறது.

1845-ல் பாண்டிச்சேரியின் பொறுப்பில் இருந்த பெரும் பரப்பிலிருந்து மைசூரையும் கோயமுத்தூரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். கோயமுத்தூருக்கு நியமிக்கப்பட்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813-ல் பிரான்ஸில் பிறந்தவர், 1842-ல் பாண்டிச்சேரி வந்து, சேலத்தில் சில காலம் வேலை பார்த்தவர். 1846 அக்டோபர் 4 அன்று அவருக்கு ஆயர் திருநிலை தந்தார்கள். சடங்கு நடந்த இடம் கருமத்தம்பட்டி, கோயமுத்தூர் இல்லை. அப்போது நிர்வாகமும் அங்கேதான் இருந்தது. பின்னால்தான் ஜில்லாத் தலைநகரான கோயமுத்தூருக்கு மாறியது. சர்க்கார் கச்சேரி, ரெவின்யூ, வியாபாரம் எல்லாம் கூடுகிற ஊருக்கு ஆயரும் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் ஆயர்தான், ஆனால் கோயமுத்தூரின் ஆயர் இல்லை. அவர் கையில் இருந்த பகுதி இன்னும் மறைமாவட்டம் ஆகவில்லை, மிஷன் பிரதேசம். 1850-ல் அது முழுமையான அப்போஸ்தலிக்க விகாரியேட் ஆனது. இந்த ஏற்பாட்டில் ஆயர் சொந்த அதிகாரத்தில் ஆள்வதில்லை, போப்பின் பிரதிநிதியாகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆயர் என்றால் ஏதாவது ஓர் ஊரின் ஆயராக இருந்தே ஆக வேண்டும் என்பது பழைய விதி. அதனால் எப்போதோ மறைந்துபோன ஒரு மறைமாவட்டத்தின் பெயரைப் பட்டமாகத் தருவார்கள். பிரெசியாக்குக்குக் கிடைத்தது புரூசா. இன்றைக்குத் துருக்கியில் இருக்கும் பூர்சா நகரம். அவிநாசி ரோட்டில் குதிரையேறிப் போன மனிதருக்குப் பட்டம் துருக்கியில். இந்தப் பழைய சட்டங்கள் எனக்குப் பிடிப்பதே இப்படிப்பட்ட விசித்திரங்களால்தான்.

மிக்கேல் பேராலயத்தின் கட்டட வேலை பிரெசியாக்கின் காலத்தில் தொடங்கியது. முடிந்தது 1860களில். தொடங்கியவர் முடிவைப் பார்க்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளையே சாமியார்களாக உருவாக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதோடு, தமிழ்க் கத்தோலிக்கரிடையே சாதி சார்ந்த வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற கேள்வி அவர் மனசாட்சியைக் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் பதவியையே விட்டார். 1854-ல் இந்தியாவிலிருந்து கிளம்பினார், 1856-ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார், 1859-ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கால்வைத்த சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அவரை ஆப்பிரிக்காவில் கொண்டாடும் அளவுக்குக் கோவையில் தெரிந்தவர்கள் இல்லை.

சாதி என்றதும் கட்டட அமைப்போடு அதற்கிருந்த தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பது சாதியால் தீர்மானமானது. அதன் உச்சம் தெற்கே, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். இரண்டு கூடங்கள் ஒரு பீடத்தில் வந்து சேரும்படி கால்சட்டை வடிவத்தில் கோயிலையே கட்டினார்கள். பழைய சர்ச்சுகளின் வரைபடத்தைப் படிக்கும்போது, ‘அழகான சிலுவை வடிவம்’ என்று வியப்பதோடு நிறுத்தாமல் அந்தச் சிலுவையின் எந்தக் கையில் யார் உட்கார்ந்தார்கள் என்றும் கேட்கலாம்.

1886 செப்டம்பர் 1 அன்று போப் பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் முறையான மறைமாவட்டங்களை அமைத்தபோது கோயமுத்தூரும் ஒன்றானது. 1874 முதல் இங்கே பொறுப்பில் இருந்த ஜோசப் லூயி பார்தூ முதல் ஆயரானார். கண்டிப்பான சட்டப்படி பார்த்தால் பெரிய கடை வீதிக் கோயில் கதீட்ரல் ஆனது அன்றைக்குத்தான். அதற்கு முன் சுமார் இருபது வருஷம் கட்டடம் நின்றிருக்கிறது. நாற்காலியும் இருந்திருக்கும், ஆனால் அதில் உட்கார்ந்தவர் புரூசா போன்ற ஊர்களின் ஆயர். கோவையின் முதல் பஞ்சாலை வந்ததே 1888-ல் என்பதை நினைத்தால், இந்த ஊர் மில் ஊர் ஆவதற்கு முன்பே மறைமாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. கொங்கின் மற்ற பகுதிகள் பின்னால் வந்தன. 1930-ல் சேலம், 1997-ல் தருமபுரி. இன்று கோவை சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த குழுவில் இருக்கிறது, சேலமும் தருமபுரியும் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தின் குழுவைச் சேர்ந்தவை.

கதீட்ரலின் அர்த்தம் வெறும் நாற்காலியோடு நிற்கிறதா என்றால், இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை அது கண்ணுக்குத் தெரியும். புனித வாரத்தில், அல்லது அதையொட்டி, எண்ணெய் மந்திரிக்கும் திருப்பலி நடக்கும். மறைமாவட்டத்துச் சாமியார்கள் அத்தனை பேரும் பேராலயத்தில் ஆயரைச் சுற்றி நிற்பார்கள். மூன்று எண்ணெய்கள். நோயாளிகளுக்குப் பூசுவது ஒன்று, ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்கு ஒன்று. மூன்றாவது கிறிஸ்மா. எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்து, ஆயர் அதன்மேல் ஊதி அர்ச்சிப்பார். ஆயருக்கு மட்டும் உள்ள உரிமை அது. பூசை முடிந்ததும் ஒவ்வொரு பங்குக்கும் சிறு குப்பிகளில் பிரித்துக் கொடுப்பார்கள். பொள்ளாச்சியில் ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் உச்சந்தலையில் பூசுவதும் திருப்பூரில் புதுச் சாமியாரின் கையில் பூசுவதும் அந்த ஒரே பாத்திரத்திலிருந்து போனதுதான். மறைமாவட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், சட்டத்தை விளக்குவதைவிட இந்தக் குப்பியைக் காட்டுவது சுலபம்.

இனி கட்டடத்துக்கு வருவோம். எந்தப் பழைய சர்ச்சுக்குள் போனாலும் அடிப்படை ஒன்றுதான். வாசலில் நுழைந்ததும் தீர்த்தத் தொட்டி. நேராக நீளமாகப் போவது நடுக்கூடம். அதன் இரு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்கு அப்பால் உயரம் குறைந்த பக்கக்கூடங்கள். பீடத்துக்குச் சற்று முன்னால் இடமும் வலமும் இரண்டு கைகள் நீண்டால் மேலிருந்து பார்க்க முழுக் கட்டடமும் சிலுவையாகத் தெரியும். எல்லா சர்ச்சிலும் கைகள் இருக்காது. கடைசியில் படியேறினால் பீடம், அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை. பழைய மரபில் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. தெருவும் நிலமும் இடம் கொடுக்காதபோது இதை விட்டுவிடுவார்கள். நீங்கள் போகிற கோயில் எப்படி என்று வெயில் விழும் பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பீடப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழைய கோயில்கள் பலவற்றில் இரண்டு பீடங்கள் இருக்கும். சுவரோடு ஒட்டி, மாடம் மாடமாக சுரூபங்களோடு, அதாவது சிலைகளோடு, உயர்ந்து நிற்பது பழையது. அதற்கு முன்னால் தனியாக மேசை மாதிரி நிற்பது புதியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம்வரை சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் பார்க்கும் அதே திசையைப் பார்த்து, லத்தீனில் பூசை வைத்தார். அதன்பின் சனங்களைப் பார்த்துத் தமிழில் வைக்கிறார். சுவரோடு ஒட்டிய பீடத்துக்குப் பின்னால் நிற்க முடியாது, அதனால் முன்னால் இன்னொன்று வந்தது. பழையதை இடிக்காமல் விட்ட கோயில்களில் நூற்றாண்டுகளின் மாற்றத்தை ஒரே பார்வையில் பார்க்கலாம். அதுபோலத்தான் தூணை ஒட்டி உயரத்தில் இருக்கும் பிரசங்க மேடை. மைக் வந்தபிறகு அதில் ஏறுவதற்கு ஆள் இல்லை.

மிக்கேல் பேராலயத்தை இத்தாலியப் பாணி என்பார்கள். கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பாணி இத்தாலி, வேலை செய்தவர்கள் நம்மூர்க் கொத்தர்கள். பாணியைக் கண்டுபிடிக்க எளிய வழி வளைவைப் பார்ப்பது. வளைவு அரைவட்டமாக இருந்தால் ரோமானிய, இத்தாலிய வழி. உச்சியில் கூராகச் சேர்ந்தால் கோதிக். அரைவட்ட வளைவில் ஒரு கட்டாயம் உண்டு. பத்தடி அகலத்துக்கு வளைவு போட்டால் அதன் உயரம் ஐந்தடிதான், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மேலிருக்கும் பாரம் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் கனமாக இருக்க வேண்டும், சன்னல் பெரிதாக வைக்க முடியாது. கூர்வளைவில் அகலத்துக்கும் உயரத்துக்கும் அந்தக் கட்டு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். பாரம் பெரும்பகுதி கீழ்நோக்கி இறங்கும். மிச்சத் தள்ளலுக்குச் சுவரின் வெளிப்பக்கம் இடைவெளி விட்டு முட்டுத்தூண்கள் கட்டிவிட்டால் சுவரை மெலிதாக்கி உயரமான வண்ணக் கண்ணாடி சன்னல் வைக்கலாம். குளிர்நாட்டுக்காரன் வெளிச்சத்துக்காக ஏங்கிக் கண்டுபிடித்த வித்தை அது. கோடை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிற கொங்கு நாட்டுக்குக் கனத்த சுவரும் அளவான சன்னலும் உள்ள இத்தாலிய வழிதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கோதிக்கைப் பார்க்க வேண்டும் என்றால் அதே கோவையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் இருக்கும் ஆல் சோல்ஸ் சர்ச்சுக்குப் போகலாம், 1872-ல் ஆங்கிலேயருக்காகக் கட்டியது. சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. அதை 1870களில் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள். ஈரோட்டில் ஆஸ்திரேலிய மிஷனரி பிரப் கட்டிய ஆலயம் 20ஆம் நூற்றாண்டுக்காரியம். அவர் பேரில் இருந்த பிரப் ரோடு இப்போது மீனாட்சி சுந்தரனார் சாலை, ஆனால் ஆட்டோக்காரரிடம் பிரப் ரோடு என்றால்தான் சட்டென்று புரியும்.

கடைசியாகச் சுவர். சிமெண்ட் வருவதற்கு முந்தைய இந்தக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். சுண்ணாம்பையும் மணலையும் மாடு கட்டிய காரைச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். காரை இறுக நாளாகும், ஆனால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் கரிசல் மண்ணில் அந்த நெளிவு பெரிய விஷயம். முக்கியமாக, அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காது, காற்றில் விட்டுவிடும். இப்போது என்ன செய்கிறார்கள்? திருவிழா வருகிறது என்றதும் விரிசலுக்கு மேல் சிமெண்ட் பூசி, அதற்கு மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உரிகிறது. அப்புறம் “பழைய கட்டடம், இனி தாங்காது” என்று இடிக்க நாள் பார்க்கிறார்கள். நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் டைல்ஸுக்குக் கொடுப்பதைவிட, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தரைத் தேடிப் பிடிக்கக் கொடுத்தால் நல்லது.

மிக்கேல் பேராலயத்தைப் பார்க்கப் போவதென்றால், செப்டம்பர் 29 அங்கே திருவிழா என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய நாட்களில் கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி என்று கூட்டமாக இருக்கும், கட்டடத்தைப் பார்க்க அது நேரமில்லை. சாதாரண வார நாளில் காலைப் பூசை முடிந்தபிறகு போங்கள். செருப்பை வெளியே விடுங்கள், படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே கருமத்தம்பட்டிக்கும் ஒரு நடை போனால் பசிலிக்காக்களுக்கு உரிய அடையாளங்களைத் தேடலாம். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டுக் குடை, கம்பத்தில் ஒரு சிறு மணி, குறுக்காகப் போட்ட இரண்டு சாவிகள். குடை பாதிதான் விரிந்திருக்கும். போப் நேரில் வரும்போதுதான் அதை முழுதாக விரிப்பது மரபு.